சுவத்துல தெரியற கோடு யாரோட தப்பு?



அமெரிக்கா வந்து இறங்கின நம்ம ஆளுங்க எல்லாருக்கும் முதல் வாரத்துல ஒரு சந்தேகம் வரும். "இது சுவரா, அட்டையா?" விரலால தட்டினா காலிப் பொட்டியத் தட்டின மாதிரி டொக் டொக்குன்னு சத்தம். சாமி படம் மாட்டலாம்னு ஆணி அடிச்சா ரெண்டாவது அடியிலயே ஆணி உள்ள போயிடும். செங்கலும் சிமெண்டும் பார்த்து வளர்ந்த நமக்கு "இதெல்லாம் ஒரு வீடா?"ன்னு தோணும். அந்த அட்டைக்குப் பேர் ட்ரைவால். ரெண்டு தாளுக்கு நடுவுல ஜிப்சம், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போனா ரெண்டாவது சந்தேகம் வரும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியா சாய்வா விழும்போது பார்த்தா, வழவழன்னு இருந்த சுவத்துல மேலேர்ந்து கீழ ஒரு கோடு தெரியும். அங்கங்க சின்னச் சின்ன வட்டமா புடைப்பு. கூரையும் சுவரும் சேர்ற மூலையில ஒரு விரிசல். யாரோ ஒழுங்கா வேலை செய்யலன்னு திட்டத் தோணும்.

இந்தப் பதிவு அந்தக் கோட்டைப் பத்தித்தான். அதை வேலைக்காரனோட கவனக்குறைவுன்னு மட்டும் சொல்லிட முடியாது. அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கு. நான் இருக்கிறது பஃபலோவுல, படிக்கிறது சிவில். இந்த ஊருக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு இருக்குங்கிறதால கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதல்ல பழைய சுவர் எப்படி இருந்துச்சுன்னு பார்ப்போம். 1900 வாக்குல இங்க வீடு கட்டினா மரச்சட்டங்களை நிறுத்தி, அதுமேல லாத்துன்னு மெல்லிசான மரப்பட்டிகளை இடைவெளி விட்டு வரிசையா அடிப்பாங்க. நம்ம ஊர் ரீப்பர் மாதிரி, ஆனா அதைவிட மெல்லிசு. அதுக்கு மேல பூச்சு. ஒண்ணு இல்ல, மூணு. முதல் பூச்சு பட்டிகளோட இடைவெளியில பிதுங்கி பின்பக்கம் கொக்கி மாதிரி பிடிச்சுக்கும். அதைக் கீறி விட்டு, காய விட்டு, ரெண்டாவது பூச்சுல மட்டம் பண்ணி, அதையும் காய விட்டு, மூணாவது பூச்சை மெல்லிசா இழுத்து பளபளன்னு ஆக்குவாங்க. கலவை வெடிக்காம இருக்க மாட்டு முடி, குதிரை முடியெல்லாம் போடுவாங்க. செட்டிநாட்டு வீட்டுச் சுவத்தைத் தடவிப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். பல அடுக்கு, பல நாள் பொறுமை, கைத்தேர்ச்சி. அந்த வழவழப்பு சுவர் முழுக்க ஒரே மாதிரி இருந்துச்சு, ஏன்னா கொத்தனார் கை சுவர் முழுக்கப் பட்டிருக்கும். இணைப்புன்னு ஒண்ணே கிடையாது.

ஆனா ஒரு வீட்டுக்குப் பூசி முடிக்க வாரக்கணக்குல ஆகும். குளிர்காலத்துல காயவே காயாது.

இங்கதான் அகஸ்டின் சாக்கெட் வர்றார். 1894ல தாளும் ஜிப்சம் கலவையும் மாத்தி மாத்தி அடுக்கின ஒரு பலகைக்கு அவருக்குப் பேட்டண்ட் கிடைச்சது. சாக்கெட் போர்டுன்னு பேர். வேடிக்கை என்னன்னா, சாக்கெட் போர்டு பெரும்பாலும் பூச்சுக்கு அடித்தளமாத்தான் ஓடிச்சு. மரப்பட்டிக்குப் பதிலா இந்தப் பலகையை அடிச்சு, அதுமேல வழக்கம்போல பூசினாங்க. பலகையே சுவர்ங்கிற எண்ணம் பின்னாடிதான் வந்தது.

1909ல யு.எஸ். ஜிப்சம்ங்கிற பெரிய கம்பெனி சாக்கெட்டோட கம்பெனியை வாங்கிடுச்சு. அந்தப் பலகையில ஒரு பெரிய தொல்லை, ஓரம். வெட்டின ஓரத்துல ஜிப்சம் வெளியே தெரியும், உதிரும். தாளை ஓரத்துல மடிச்சு மூடிட்டா என்னன்னு யோசிச்ச யட்ஸ்மன் அப்படிங்கறவரோட பேட்டண்ட் 1912ல வந்தது. அப்புறம் பல அடுக்குத் தாளை விட்டுட்டு, நடுவுல ஒரே ஜிப்சம், ரெண்டு பக்கமும் தாள்னு எளிமையாக்கி, 1917 வாக்குல ஷீட்ராக்னு பேர் வைச்சு வித்தாங்க. இன்னைக்கும் நிறைய அமெரிக்கர்கள் ட்ரைவால்னு சொல்றதுக்குப் பதிலா ஷீட்ராக்னுதான் சொல்வாங்க. நாம நகலெடுக்கறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

எங்க பஃபலோ கதைக்குள்ள வர்றது 1925ல. யு.எஸ். ஜிப்சத்துக்குப் போட்டியா வளர்ந்த நேஷனல் ஜிப்சம் கம்பெனி தொடங்கினது இந்த ஊர்லதான். கோல்ட் பாண்டுன்னு ஊதாத் தாள் ஒட்டின பலகையைக் கடையில பார்த்திருப்பீங்க, அது இவங்களோடதுதான். (கம்பெனி எப்பவோ ஊரை விட்டுப் போயிடுச்சு, பஃபலோவுல தொடங்கின பல விஷயங்கள் மாதிரி :-( )

ஓரத்தை மடிக்கிற அந்தச் சின்ன விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சுன்னா நம்புவீங்களா? பேட்டண்ட் உரிமம் கொடுக்கிறோம்ங்கிற பேர்ல, யு.எஸ். ஜிப்சமும் நேஷனல் ஜிப்சம் உட்பட மத்த கம்பெனிகளும் சேர்ந்து பலகை விலையைக் கட்டி வைச்சிருந்தாங்கன்னு அரசாங்கம் 1940ல வழக்கு போட்டது. கீழ் கோர்ட்டு வழக்கைத் தள்ளிடுச்சு. 1948ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்திடுச்சு. ஒரு அட்டையோட ஓரத்துல அவ்வளவு காசு இருந்திருக்கு.

சரி, பலகை வந்தாச்சு. ஏன் எல்லாரும் உடனே மாறல?

ஏன்னா மக்களுக்குப் பிடிக்கல. அட்டை வீடுன்னு ஒரு இளக்காரம். 1933, 34ல சிகாகோவில நடந்த உலகக் கண்காட்சியில நிறைய கட்டடங்களை இதை வைச்சுக் கட்டிக் காட்டினாங்க. அப்பவும் சொந்த வீடுன்னு வந்தா பூச்சுச் சுவர்தான் மரியாதை. அதோட, ரெண்டு பலகை சேர்ற இடத்துல இடைவெளி அப்பட்டமா தெரிஞ்சுது. ஆரம்பத்துல அதுமேல மரப்பட்டி அடிச்சு மறைச்சாங்க. அது அழகுக்குன்னு சொல்லிக்கிட்டாங்க!

நிலைமையை மாத்தினது ரெண்டாம் உலகப் போர். ஆள் கிடையாது, நேரம் கிடையாது, ஆனா கட்டடம் மட்டும் உடனே வேணும். போர் முடிஞ்சதும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினாங்க, இருக்க வீடு இல்ல. நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டில 1947ல தொடங்கி 1951க்குள்ள 17,000 வீடுகளுக்கு மேல கட்டின லெவிட்டவுனைப் பத்திப் படிச்சிருப்பீங்க. உச்சத்துல ஒரு நாளைக்கு 30 வீடு வரைக்கும் முடிச்சாங்களாம். கார் தொழிற்சாலையில கார் நகரும், இங்க ஆளுங்க வீடு வீடா நகருவாங்க. ஒருத்தருக்கு ஒரே வேலை. அந்த வேகத்துல மூணு பூச்சு பூசிக் காய வைச்சுக்கிட்டிருக்க முடியுமா? சுவத்துக்கு வந்தது ட்ரைவால். (அந்த வீடுகள்ல கறுப்பர்கள் குடியேறக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வைச்சிருந்தாங்கங்கிறதையும் இங்க சொல்லிடணும். மலிவு விலை வீடுங்கிற சரித்திரத்தோட இன்னொரு பக்கம் அது.)

ட்ரைவால்ங்கிற பேரே "காய வைக்க வேண்டாம்"ங்கிற வாக்குறுதிதான், உலர்ந்த சுவர். ஆனா முழுசா உலர்ந்ததா ஆக்க முடியல. இணைப்பை மறைக்க ஈரம் வேண்டியிருந்தது. பலகையோட நீள ஓரத்தைக் கொஞ்சம் சரிவா ஒடுக்கினாங்க. ரெண்டு பலகை சேர்ந்தா நடுவுல ஒரு ஆழமில்லாத பள்ளம் வரும். அதுல தாள் டேப்பை ஒட்டி, மேல மூணு தடவை பட்டி இழுக்கணும். இங்க அதை மட்னு சொல்வாங்க, சேறுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட அகலமா இழுத்து, காய வைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். மூணு பூச்சு, மூணு தடவை காய்ச்சல். அட, பழைய கொத்தனார் பண்ணின அதே வேலை! வித்தியாசம் என்னன்னா, சுவர் முழுக்க இருந்த கைவேலை இப்போ சில அங்குல அகலத்துக்குள்ள வந்துடுச்சு. மிச்சமெல்லாம் தொழிற்சாலையில வந்த தாள்.

நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். வழவழன்னு சுவர் வேணும்ங்கிற ஆசையை நாம பூச்சுச் சுவத்துக்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டோம். அதுக்குக் கொடுக்கிற நேரத்தையும் காசையும் மட்டும் ட்ரைவால் கணக்குல கொடுக்கிறோம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் சாயங்கால வெயில்ல கோடா தெரியுது.

சொல்லப்போனா சில கோடு அந்த முறையோடவே பிறந்தது. பலகையோட நீள ஓரத்துக்குத்தான் சரிவு உண்டு, குறுக்கு ஓரத்துக்குக் கிடையாது. அங்க டேப் ஒட்டினா புடைக்கத்தான் செய்யும். நல்ல வேலைக்காரர் பட்டியை ரெண்டு பக்கமும் அடிக்கணக்குல அகலமா இழுத்து கண்ணை ஏமாத்துவார். மேடு போகாது, தெரியாது, அவ்வளவுதான். ஆணி இருக்கிற இடத்துல வட்டப் புடைப்பு வர்றது, உள்ள இருக்கிற மரச்சட்டம் காய்ஞ்சு சுருங்குறதால. இன்னொண்ணு, தாள் பெயிண்ட்டை உறிஞ்சற விதம் வேற, பட்டி உறிஞ்சற விதம் வேற. மட்டம் சரியா இருந்தாலும் மினுமினுப்பு வித்தியாசத்துல பட்டை பட்டையா தெரியும். பஃபலோவில குளிர்காலத்துல வெயில் வர்றதே அதிசயம், ஆனா வந்துச்சுன்னா சாய்வா வந்து சுவத்தோட மானத்தை வாங்கிடும் :-)

இதை எப்படிச் சமாளிச்சாங்க? ஒரு வழி, மறைக்கிறது. கூரையில கொரகொரன்னு சோளப்பொரி ஒட்டின மாதிரி இருக்கும் பாருங்க, அந்தப் பாப்கார்ன் சீலிங். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கிற சுவர். அலங்காரம்னு பேர், ஆனா இணைப்பு வேலையில நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அது அவ்வளவு பரவிச்சு. அதுல ஒரு விபரீதமும் இருந்துச்சு. அந்தக் காலத்துப் பாப்கார்ன் கலவையிலயும் இணைப்புப் பட்டியிலயும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தாங்க. காய்ஞ்ச பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசி நேரா நுரையீரலுக்குப் போகும். வழவழப்புக்காகத் தேய்ச்சவங்கதான் அதைச் சுவாசிச்சாங்க. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டியை அமெரிக்க அரசு தடை செய்தது 1977ல. அதனால 1980க்கு முன்னாடி கட்டின வீட்டுல இருக்கிறவங்க, சுவத்தைத் தேய்ச்சு சரி பண்றேன்னோ பாப்கார்னைச் சுரண்டறேன்னோ தயவுசெய்து இறங்காதீங்க. முதல்ல ஒரு துண்டு சோதனைக்கு அனுப்பிப் பார்க்கணும்.

இன்னொரு வழி, எது நல்ல சுவர்னு எழுதி வைச்சுக்கிறது. ஒப்பந்தத்துல "தரமான வேலை"ன்னு மட்டும் எழுதிட்டு, அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்து சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. 1990 வாக்குல ஜிப்சம், பெயிண்ட் தொழில் சங்கங்கள் சேர்ந்து 0லேர்ந்து 5 வரைக்கும் படிநிலை வகுத்தாங்க. 0ன்னா பலகை அடிச்சதோட சரி. 1, டேப் மட்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. 2, டைல்ஸ் ஒட்டப் போற இடத்துக்கு, கார் ஷெட்டுக்கு. 3, கனமான கொரகொரப்பு அடிக்கப் போற சுவத்துக்கு. 4, சாதாரண மங்கல் பெயிண்ட் சுவத்துக்கு. 5, சுவர் முழுக்க மெல்லிசா ஒரு பட்டி இழுக்கணும். பளபளப்புப் பெயிண்ட்டோ சாய்வு வெளிச்சமோ இருந்தா இது.

கவனிச்சீங்களா? ஒசத்தியான அந்த அஞ்சாவது நிலைங்கிறது என்ன? சுவர் முழுக்க மறுபடியும் கை படணும். சுத்திச் சுத்தி கொத்தனார்கிட்டயே வந்து நிக்குது. பெரும்பாலான வீடுகள் 4ஓட நின்னுடும். 5க்குக் கூடுதல் காசு.

அந்தக் காசு யாருக்குப் போச்சுங்கிறதுதான் கதையோட முக்கியமான பகுதி. தெற்கு கலிபோர்னியாவில 1980களோட தொடக்கத்துல, பலகை மாட்டறவங்களுக்குச் சதுர அடிக்கு 8 சென்ட் மாதிரி கூலி. தொழிற்சங்கம் உடைஞ்சு, மெக்சிகோவிலேர்ந்து வந்த தொழிலாளர்கள் அந்த வேலைக்குள்ள வந்தாங்க. பத்து வருஷத்துல கூலி சுமார் பாதியாச்சு. நாலடிக்கு எட்டடி பலகை ஒண்ணு 32 சதுர அடி, சுமார் 25 கிலோ. அதைத் தூக்கி, வெட்டி, கூரையில பிடிச்சு அடிச்சா 4 சென்ட் கணக்குல ஒண்ணேகால் டாலர் சொச்சம். விலைவாசி ஏறின பத்து வருஷத்துல கூலி இறங்கியிருக்கு.

1992 ஜூன்ல அவங்க வேலையை நிறுத்தினாங்க. இதுல நிறைய பேர் மெக்சிகோவின் குவானஹுவாத்தோ மாநிலத்துல எல் மகே அப்படிங்கற ஒரே ஊரைச் சேர்ந்தவங்க. அண்ணன், தம்பி, மச்சான்னு சொந்தபந்தம். அதுதான் அவங்களுக்கு சங்கம். கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் போய் மறியல் பண்ணினாங்க. ஜூலையில ஒரே நாள்ல சுமார் 150 பேரைப் போலீஸ் கைது பண்ணிச்சு. குடியேற்றத் துறை பிடிச்சு அனுப்பிடும்ங்கிற பயம் வேற. அவங்க வக்கீல்கள் கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் கொடுக்கலன்னு வழக்கு மேல வழக்கா போட்டதுல ஒப்பந்தக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க. அஞ்சு மாசம் கழிச்சு, நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. கூலி 7 சென்ட்டுக்கு மேல வந்தது, மருத்துவக் காப்பீடும் கிடைச்சது. அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டடத் தொழில்ல, விசா காகிதம்கூட இல்லாத பலர் சேர்ந்து ஜெயிச்ச போராட்டம் இது. மாணவர் விசாவில இருக்கிற நமக்கு, ஒரு கையெழுத்து தப்பா போட்டாலே ராத்திரி தூக்கம் வராது. அவங்க ரோட்டுல இறங்கி நின்னாங்க.

வழவழப்பா இருந்தா நல்ல சுவர்னும் சொல்லிட முடியாது. 2004, 2005 புயல்களுக்கு அப்புறம் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் பலகைத் தட்டுப்பாடு வந்தப்ப, சீனாவிலேர்ந்து நிறைய ட்ரைவால் இறக்கினாங்க. அதுல ஒரு பகுதி கந்தக வாயுவைக் கக்கிச்சு. வீட்டுல அழுகின முட்டை நாத்தம், ஏ.சி.யோட செம்புக் குழாயெல்லாம் கறுத்துப் போச்சு. நிறைய பேர் சுவத்தை முழுசா பிரிச்சு எடுக்க வேண்டியதாச்சு. இதுக்காக 2012ஆம் வருஷச் சட்டம்னு ஒண்ணு தனியா வந்தது. கோடே இல்லாத, பார்க்க லட்சணமான சுவருங்கதான் அதெல்லாம்.

சரி, நமக்கு உபயோகமா நாலு விஷயம். ஆணிப் புடைப்பை அப்படியே உள்ள அடிச்சுப் பட்டி பூசினா திரும்ப வரும். மேலயும் கீழயும் ஒண்ணு ரெண்டு அங்குலம் தள்ளி புது திருகு போட்டுப் பலகையை இறுக்கிட்டு, பழைய ஆணியை எடுத்துட்டுப் பூசணும். இணைப்பு விரிசலுக்கு வெறும் பட்டி நிக்காது, தளர்ந்த டேப்பைப் பிச்சு எடுத்துட்டு புது டேப் ஒட்டணும். ஒரே தடவையில தடிமனா அப்பாம மூணு தடவை மெல்லிசா இழுக்கணும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பிரைமர், இல்லாட்டி திட்டு தெரியும்.

கூரை மூலை விரிசல் குளிர்காலத்துல வந்து கோடையில தானா மூடிச்சுன்னா, அது மாடியில இருக்கிற கூரைச் சட்டம் குளிர்ல வளைஞ்சு மேல தூக்கறதால வர்றது. எங்க முந்தின வீட்டு ஓனர், நாங்க காலி பண்ணும்போது இந்த விரிசலையும் நாலு ஆணிப் புடைப்பையும் காட்டி, டெபாசிட்ல பிடிப்பேன்னார். அறைத்தோழர்கள் ரெண்டு பேர் கொடுத்துடலாம்னு இருந்தாங்க. நான் ஜனவரியில எடுத்த போட்டோவையும் மே மாசப் போட்டோவையும் சேர்த்து, காரணத்தை எழுதி அனுப்பினேன். நியூயார்க் மாநிலத்துல 2019ஆம் வருஷச் சட்டப்படி, காலி பண்ணின 14 நாளைக்குள்ள எதுக்கு எவ்வளவு பிடிச்சோம்னு பட்டியல் கொடுக்கணும், சாதாரணமா புழங்கறதால வர்ற தேய்மானத்துக்குப் பிடிக்கவும் கூடாதுங்கிறதையும் சேர்த்து எழுதினேன். முழுப் பணமும் வந்துடுச்சு. வந்த அன்னைக்கே சுவத்தை எல்லாம் போட்டோ எடுத்து வைச்சுக்கங்க மக்களே, முக்கியமா சாய்வு வெளிச்சத்துல.

நம்ம ஊர்லயும் இப்போ ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங் இல்லாத புது ஃபிளாட் அபூர்வம். சென்னை, கோவைப் பக்கம் அந்த வேலை செய்யறவங்களுக்கு அடிக்கணக்குல என்ன கூலி கிடைக்குது, பட்டித் தூசிக்கு முகமூடியாவது கொடுக்கிறாங்களான்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. தனிப்பதிவாவே போடலாம்.

டிஸ்கி: "ட்ரைவாலுக்கு இவ்வளவு பெரிய பதிவா, தீசிஸ் எழுதலையா?"ன்னு கேக்கற அனானிகளுக்கு, அது எழுதாம இருக்கத்தான் இது :-)